பதினேழாம் தகடு

மருதானைப் பழைய புத்தகக் கடையில்
சட்ட நூல்களுக்கும் பஞ்சாங்கக் கட்டுக்கும் நடுவே
ஒரு பொலித்தீன் உறைக்குள் கிடந்தது:
ஆறு சங்குகள், கையால் வண்ணமிட்டவை,
மேல் மூலையில் ரோம எண்ணில் பதினேழு.
சுமனதிலக்க மூவாயிரம் கேட்டார்.
ஓரத்தை இராமபாணப் பூச்சி தின்றிருக்கிறதே என்றேன்.
"நல்ல தாள் எதென்று பூச்சிக்குத் தெரியும்."
இரண்டாயிரத்து அறுநூறுக்குப் படிந்தது.

இதோடு முப்பத்திரண்டு.
யாரோ ஒரு புத்தகத்தின் முதுகை அறுத்து
ஒவ்வொன்றாய் விற்றதன் சிதறல்.
அறுத்தவனைத் திட்டிக்கொண்டே வாங்குகிறேன்.

வெள்ளவத்தை. ரயில் பாதைக்கு இந்தப் பக்கம், மூன்றாம் மாடி.
யன்னலைத் திறந்தால் கடல்.
அதனால் திறப்பதில்லை.
கடலின் படங்களைக் கடலிடமிருந்து காப்பாற்ற
புதுச் சப்பாத்துப் பெட்டிகளில் வருமே,
ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலம்,
அதை ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டு வாங்குவேன்.
நகுலா மிஸ்ஸுக்குச் சப்பாத்துப் பைத்தியம் என்று
தாதிமார் கதைப்பது காதில் விழுந்திருக்கிறது.

அன்றிரவு மேசை விளக்கின் கீழேதான் பார்த்தேன்,
நடுவில் இருந்தது
வலம்புரி.

கை நடுங்கியது, உண்மை.
பிறகு பக்கத்திலிருந்த கூம்பைப் பார்த்தேன்.
முள்சங்கைப் பார்த்தேன்.
அவையும் பிழையாகத்தான் சுற்றியிருந்தன.
ஆறும் ஒரே பக்கம்.
செதுக்கியவன் சங்கை முன்னால் வைத்து
கண்டபடியே செம்பில் கீறியிருக்கிறான்,
அச்சில் இடம் வலமாகிவிட்டது.
எழுத்தை மட்டும்
நாக்கைக் கடித்துக்கொண்டு மாற்றிச் செதுக்கியிருக்கிறான்.
பெயர் சரி. எண் சரி.
பொருள்தான் கண்ணாடிக்குள் போய்விட்டது.

அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.
இருபத்தாறு வருடமாக
நெஞ்சருகே ஓர் ஈய எழுத்தை வைத்து
மனிதர்களைப் படமெடுக்கிறவள் நான்.
எழுத்து மாறினால் சிறுநீரகம் மாறும்.
ஒருமுறை ஒரு படத்தில்
இதயம் வலப்பக்கம் நின்றது.
என் பிழையென்று இன்னொன்று எடுத்தேன்.
மறுபடியும் வலம்.
காலிமுகத்திடலில் இறால் வடை விற்பவர், லாபிர்,
சட்டையைக் கையில் பிடித்தபடி சொன்னார்:
"உம்மாக்குத் தெரியும் மிஸ்.
அவ இந்தப் பக்கந்தான் காது வைப்பா."

சட்டம் போடக் கொம்பனித்தெருவுக்குக் கொண்டுபோனேன்.
துவான் சம்சியின் கடையில் லட்சுமி படத்தோடு காத்திருந்தார்
செட்டியார் தெரு நகைக்கடைச் சொக்கநாதன்.
பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டார்.
"குடுத்துடுங்கம்மா. கல்லாவுக்கு மேல மாட்டணும். நாப்பதாயிரம்."

முழுவதையும் சொன்னேன்: செம்பு, கீறல், அச்சு.
துவான் சம்சி ஒரு கண்ணாடித் துண்டை எடுத்து நீட்டினார்.
அதற்குள்ளே, திரும்பி ஓடும் எழுத்துகளுக்கு மேலே,
கரையெல்லாம் கிடக்கிற வெறும் இடம்புரி.
சொக்கநாதன் குனிந்து பார்த்தார்.
"கண்ணாடியில என் மூஞ்சியுந்தான் மாறுது.
அதுக்காக நான் வேற ஆளா? அம்பது."

கொடுக்கவில்லை.
நேர்மை என்று சொல்லிக்கொள்ளலாம்தான்.
குளிர்சாதனப் பெட்டி பழுதாகி
ஒரு மாதமாய் ஐஸ் வாங்கிக்கொண்டிருந்தேன் அப்போது.

சட்டகத்தை மார்போடு அணைத்தபடி நடந்தால்
காலிமுகம் அதிக தூரமில்லை.
பட்டங்கள், காற்று, எங்கும் உப்பு;
என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.
லாபிர் எண்ணெய்க் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு
வெகுநேரம் பார்த்தார்.
இதில் எது பிழை, சொல்லுங்கள் பார்ப்போம் என்றேன்.
"எல்லாம் சரியாத்தானே ஈக்கி?"

கண்ணாடியில் உப்பு படியத் தொடங்கியிருந்தது.
இரண்டு வடைக்குக் காசு கொடுத்தேன்,
மூன்று சுற்றித் தந்தார்
யாரோ ஒரு பிள்ளையின் கணக்குத் தாளில்.
ஏழாம் கேள்விக்குச் சிவப்பில் பிழை போட்டிருந்தது.
நின்றபடியே போட்டுப் பார்த்தேன்.
எனக்குச் சரியாகத்தான் வந்தது.